இரண்டு கம்ப்யூட்டர், ஒரே லெட்ஜர்

குடவாசலில் 1957-ல் நடந்த ஒரு கல்யாணத்தின் குரூப் போட்டோ எங்கள் வீட்டில் இருக்கிறது. கீழே ஜமுக்காளத்தில் குழந்தைகள், நடுவில் நாற்காலிகளில் பெரியவர்கள், பின்னால் நிற்பவர்கள் என்று மொத்தம் 31 பேர். அதில் 27 பேரின் பெயரை என் அத்தை 2019-ல் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து சொன்னார். அவரே அந்தப் படத்தில் பாவாடை தாவணியில் ஓரமாக நிற்கிறார். இன்று என்னிடம் இருப்பது 11 பெயர்கள். மீதிப் 16 பேரைத் தொலைத்தது நான்தான்.

எப்படித் தொலைத்தேன் என்பதைச் சொன்னால் உங்களில் சிலருக்காவது உபயோகப்படும். நம் வயதுக்காரர்கள் பலர் இப்போது பழைய ஆல்பங்களை ஸ்கேன் செய்துகொண்டிருக்கிறோம். வீட்டில் ஒரு கம்ப்யூட்டர், பிள்ளை வீட்டுக்குப் போகும்போது தூக்கிப்போக ஒரு லேப்டாப். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கும்பகோணத்தில் மேஜைக் கம்ப்யூட்டரில் ஸ்கேன் செய்தேன். அந்த வருஷம் மருமகளின் பிரசவத்துக்காக நாலு மாதம் சென்னையில் இருக்க வேண்டியிருந்தது. படங்களை லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டு போனேன். நங்கநல்லூரில் அத்தை வீட்டுக்கும் அதைத் தூக்கிப்போனேன். ஸ்கிரீனில் விரலை வைத்து, "இவன் பட்டாளத்துக்குப் போனவன்டா, இது அவன் பொண்டாட்டி, இந்தக் குழந்தை தங்கலை" என்று அத்தை வரிசையாகச் சொல்லச் சொல்ல, படத்தின் கீழே குறிப்பு எழுதும் கட்டத்தில் தட்டச்சு செய்தேன். ராத்திரியில் தூக்கம் வராத நேரங்களில் மற்ற படங்களின் பூஞ்சைப் புள்ளிகளை எடுத்தேன், வெளுத்துப்போனவற்றுக்குக் கறுப்பு ஏற்றினேன். நாற்பது படங்களுக்கு மேல் சரிசெய்திருப்பேன்.

ஊர் திரும்பும்போது போட்டோ இருந்த ஃபோல்டரை அப்படியே பென் டிரைவில் எடுத்துக்கொண்டு சோழன் எக்ஸ்பிரஸ் ஏறினேன். வீட்டுக் கம்ப்யூட்டரில் திறந்தால் படங்கள் பூஞ்சையோடு, வெளுத்த முகத்தோடு, முதல் நாள் ஸ்கேன் செய்தபடியே இருந்தன. குறிப்புக் கட்டம் காலி. சரி, லேப்டாப்பில்தான் இருக்கிறதே, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். லேப்டாப் சென்னையிலேயே தங்கிவிட்டது. இரண்டு மாதம் கழித்துப் பையன் போன் செய்தான்.

"அப்பா, இது ரொம்ப மெதுவா ஓடுது. சுத்தமா அழிச்சிட்டு விண்டோஸ் புதுசா போடப் போறேன். உங்க போட்டோ எல்லாம் காப்பி பண்ணிட்டீங்கல்ல?"

"பண்ணிட்டேன்டா" என்றேன். பொய்யில்லை. போட்டோ எல்லாம் காப்பி ஆகியிருந்தது.

அடுத்த பொங்கலுக்கு முன்பே அத்தை போய்விட்டார்.

மென்பொருளின் பெயர் இங்கே தேவையில்லை. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. புரிந்துகொள்ளாதது நான். அதுவும் முப்பத்தைந்து வருஷம் பாங்கில் குப்பை கொட்டியவன் புரிந்துகொள்ளாமல் போனதுதான் வெட்கம்.

விஷயம் இதுதான். இந்தக் காலத்துப் போட்டோ மென்பொருள்கள் பல, நாம் செய்யும் திருத்தத்தைப் படத்தின்மேல் எழுதுவதில்லை. மூலப் படம் அப்படியே இருக்கும். 'இந்த இடத்துப் புள்ளியை மறை, வெளிச்சத்தை இவ்வளவு கூட்டு, இடது ஓரத்தை வெட்டு' என்ற கட்டளைகளை மட்டும் தனியாக ஒரு கணக்கில் பதிந்துகொள்ளும். திரையில் காட்டும்போதெல்லாம் அந்தக் கட்டளைகளைப் படத்தின்மேல் போட்டுக் காட்டும். அந்தக் கணக்குக்கு 'கேட்டலாக்' என்று பெயர். நம் பாஷையில் லெட்ஜர். அது போட்டோ ஃபோல்டருக்குள் இருக்க வேண்டும் என்பதில்லை, வேறெங்கோ இருக்கலாம். நான் பென் டிரைவில் கொண்டுவந்தது ரொக்கத்தை மட்டும். லெட்ஜரைச் சென்னையிலேயே விட்டுவிட்டேன்.

பழைய நாள் பாங்கை நினைத்துப் பாருங்கள். கோர் பேங்கிங் வருவதற்கு முன்னால் உங்கள் கணக்கு எந்தக் கிளையில் இருக்கிறதோ அங்கேதான் பணம் எடுக்க முடியும். காரணம், உங்கள் பக்கம் உள்ள லெட்ஜர் அந்தக் கிளையின் அலமாரியில்தான் இருந்தது. ஒரே வாடிக்கையாளருக்கு ஒரே கணக்கை இரண்டு கிளையில் இரண்டு லெட்ஜரில் எழுதி, மாதக் கடைசியில் ஒத்துப்பார்த்துக்கொள்ளலாம் என்று யாராவது சொல்லியிருந்தால் மேனேஜர் அவரைக் கூண்டோடு மாற்றல் செய்திருப்பார். கிளைகளுக்கு இடையிலான கணக்கை ஒத்துப்பார்க்கவே நாங்கள் ராத்திரி எட்டு மணிவரை உட்கார்ந்திருக்கிறோம். அப்படிப்பட்ட நான், இரண்டு கம்ப்யூட்டரில் இரண்டு கேட்டலாக்கைத் திறந்து வைத்துக்கொண்டு, இரண்டும் தானாகவே ஒத்துப்போகும் என்று நம்பினேன்.

பையனிடம் சொன்னால் அவனுடைய பதில் ஒன்றுதான்: "எல்லாத்தையும் கிளவுட்ல போடுங்கப்பா, தானா சிங்க் ஆயிடும்." அந்தத் 'தானா' என்ற வார்த்தையோடுதான் எனக்குச் சண்டை.

சிங்க் என்பது இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்கும்படி பார்த்துக்கொள்வது, அவ்வளவுதான். எது சரி என்று அதற்குத் தெரியாது. இங்கே ஒரு படத்தை அழித்தால் அங்கேயும் அழிக்கும். கேட்டலாக் கோப்பையே அப்படிப்பட்ட ஃபோல்டரில் போட்டு, இரண்டு கம்ப்யூட்டரிலும் ஒரே சமயத்தில் திறந்து வேலை செய்தால், ஒரு கேட்டலாக்குக்கு இரண்டு பிரதிகள் வந்து நிற்கும். காலையில் இதில் பத்துப் படம் திருத்தியிருப்பீர்கள், மாலையில் அதில் பத்துப் படம். இரண்டையும் கோத்துக் கொடுக்க அந்த ஃபோல்டருக்குத் தெரியாது. கும்பகோணத்தில் நான் பளிச்சென்று ஆக்கிய அப்பாவின் படமும், சென்னையில் நிதானமாகக் கறுப்பேற்றிய அதே படமும் என்னிடம் தனித்தனியாக இருக்கின்றன. எது நன்றாக இருக்கிறது என்று நான்தான் சொல்ல வேண்டும். (இதுவரை சொல்லவில்லை. என் மனைவிக்கு இரண்டுமே பிடிக்கவில்லை, "ஸ்கேன் பண்ணினதே நல்லா இருந்தது" என்கிறாள்.)

கூகுள் போட்டோஸிலும் எழுதிப் பார்த்தேன். படத்துக்குக் கீழே குறிப்பு எழுதலாம், எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும் தெரியும். பார்ப்பதற்கு வசதி, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குறிப்பு படத்துக்குள் போவதில்லை. டேக்அவுட் என்ற வசதியில் மொத்தமாக இறக்கிக்கொண்டால், படம் ஒரு கோப்பாகவும் குறிப்பு ஜேசன் என்ற இன்னொரு கோப்பாகவும் வரும். பேரன் பேத்திகள் அந்த ஜேசனைத் திறந்து படிப்பார்கள் என்று எனக்கு நம்பிக்கையில்லை. கம்பெனிகளின் மனமும் மாறும். பிகாசாவை நம்மில் எத்தனை பேர் உபயோகித்தோம்! 2016-ல் கூகுள் அதை நிறுத்தியது. அதில் செய்த திருத்தங்கள் ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு சின்ன ஐஎன்ஐ கோப்பில் கிடக்கும். அதைப் படிக்கத் தெரிந்தது பிகாசாவுக்கு மட்டும்தான் என்றே சொல்லலாம்.

ஆகவே என் கட்சி இது. லெட்ஜர்களை ஒத்துப்போக வைக்கும் வேலையே நமக்கு வேண்டாம். வாடிக்கையாளர் கையில் பாஸ்புக்கைக் கொடுத்துவிடுவோம்.

பாஸ்புக் என்று நான் சொல்வது எக்ஸ்எம்பி. அடோபி கம்பெனி 2001-ல் கொண்டுவந்து, பிறகு 2012-ல் ஐஎஸ்ஓ தரமாகவே ஆகிவிட்ட ஒரு முறை. படத்தைப் பற்றிய விவரங்களைப் படத்துக்குள்ளேயோ, படத்தின் பெயரிலேயே பக்கத்தில் ஒரு சின்னக் கோப்பாகவோ எழுதி வைப்பது. பக்கத்தில் வைக்கும் அந்தக் கோப்புக்கு 'சைடுகார்' என்று பெயர். ஸ்கூட்டரில் மனைவியையும் குழந்தையையும் உட்காரவைத்து ஓட்டிய அதே சைடுகார்தான். வண்டி எங்கே போனாலும் கூடவே போகும், கழற்றி விட்டுவிட்டுப் போனால்தான் வம்பு. டார்க்டேபிள் போன்ற இலவச மென்பொருள் இந்த சைடுகாரை எழுதுகிறது. லைட்ரூம் கிளாசிக் வைத்திருப்பவர்கள், மாற்றங்களைத் தானாக எக்ஸ்எம்பியில் எழுது என்ற தேர்வை அமைப்புகளில் தேடி ஒரு டிக் போட வேண்டும். நாமாகப் போடாவிட்டால் அது இருக்காது. கேமராவின் ரா கோப்பு என்றால் பக்கத்தில் சைடுகார் வரும். ஜேபெக், டிஃப் என்றால் கோப்புக்குள்ளேயே எழுதிவிடும். என்னைப் போல ஸ்கேனை டிஃப்பாக வைத்திருப்பவர்கள், குறிப்பில் ஒரு எழுத்தை மாற்றினாலும் முழுக் கோப்பும் மாறியதாகவே பேக்கப் எடுத்துக்கொள்ளும் என்பதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தொல்லையை நான் ஏற்றுக்கொண்டுவிட்டேன்.

பாஸ்புக்கில் எல்லாம் ஏறாது என்பதையும் சொல்ல வேண்டும். லைட்ரூமில் நாம் பிரித்து வைத்த தொகுப்புகள், ஒரே படத்துக்குச் செய்த மாற்றுப் பிரதிகள், எதற்குப் பின் எதைச் செய்தோம் என்ற வரலாறு, இவையெல்லாம் கேட்டலாக்கில் மட்டும்தான். அதைவிட முக்கியமான ஒன்று: வெளிச்சம், கறுப்பு, புள்ளி நீக்கம் பற்றிய கட்டளைகளை ஒவ்வொரு மென்பொருளும் தன் தன் பாஷையில் எழுதுகிறது. ஒன்று எழுதியதை இன்னொன்று அப்படியே புரிந்துகொள்ளாது. ஆனால் குறிப்பு, குறிச்சொல், தேதி போன்றவை பொதுப் பாஷை. அநேகமாக எல்லா மென்பொருளும் படிக்கும்.

இதில் தமிழர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. எக்ஸ்எம்பிக்கு முன்னால் இருந்த ஐபிடிசி என்ற பழைய முறையில் ஒரு குறிச்சொல்லுக்கு 64 பைட்தான் இடம். இங்கிலீஷ் எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழில், யூனிகோடு முறையில், ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். கொம்பும் காலும் தனிக் கணக்கு. 'குடவாசல் பெரியப்பா கோபாலன்' என்று போட்டால், கண்டிப்பான மென்பொருள் 'குடவாசல் பெரியப்பா கோப' என்ற இடத்தில் வெட்டிவிடும். பெரியப்பா காலத்துக்கும் கோபமாகவே நிற்பார். நீளமானதைக் குறிச்சொல்லில் போடாமல் குறிப்பில் போடுங்கள்.

என் இப்போதைய ஏற்பாடு இது. படங்களும் கேட்டலாக்கும் ஒரே எஸ்எஸ்டி டிரைவில். உள்ளங்கையில் அடங்கும். சென்னைக்குப் போனால் பெட்டியில் மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்தில் அது வரும். எந்தக் கம்ப்யூட்டரில் செருகினாலும் 'பி' என்ற எழுத்திலேயே வரும்படி இரண்டிலும் அமைத்துவிட்டேன். டிரைவின் எழுத்து மாறினால் படங்களைக் காணோம் என்று மென்பொருள் குழம்பக்கூடும். லெட்ஜர் ஒன்றுதான், அது இருக்கும் இடம்தான் ஹோம் பிராஞ்ச். வாரம் ஒருமுறை இன்னொரு டிரைவுக்கு முழுப் பிரதி எடுக்கிறேன், அது தங்கை வீட்டு பீரோவில் இருக்கிறது. முடிந்த படத்தைத் திருத்தத்தோடு தனி ஜேபெக்காகவும் எடுத்து வைக்கிறேன். நாளைக்கு இந்த மென்பொருளே இல்லாமல் போனாலும் பூஞ்சை நீங்கிய முகம் இருக்கும்.

டிரைவ் தொலைந்தால் என்ன செய்வீர்கள் என்று பையன் கேட்கிறான். நியாயமான கேள்விதான். அதிகபட்சம் ஒரு வாரத்து வேலை போகும். கவனத்தோடு தொலைக்கலாம், தெரிந்து தொலைக்கலாம். தொலைந்ததே தெரியாமல் "பண்ணிட்டேன்டா" என்று சொல்ல மாட்டேன்.

இந்த முறை வேண்டாம், இரண்டிலும் தனித்தனியாகத்தான் வேலை என்பவர்களுக்கு வழி இல்லாமலில்லை. லைட்ரூமில் கொஞ்சம் படங்களை மட்டும் தனிக் கேட்டலாக்காகப் பிரித்து எடுத்துப்போய், திரும்பி வந்ததும் பெரிய கேட்டலாக்கில் சேர்க்கலாம். கேம்ப் போன இடத்தில் சப்-லெட்ஜர் எழுதி, வந்து மெயின் லெட்ஜரில் போஸ்ட் செய்வது போல. கிளார்க்காக இருந்தவர்களுக்குக் கைவரும். மற்றவர்கள் இரண்டாவது முறை மறந்துவிடுவார்கள்.

தாத்தா காலத்துப் போட்டோக்கள் சிலவற்றின் பின்பக்கம் பென்சிலில் பெயரும் வருஷமும் எழுதியிருக்கிறது. குடவாசல் படத்தின் பின்பக்கம் ஸ்டூடியோ முத்திரை மட்டும்தான்.

16 பேரில் ஆறு பேராவது குடவாசல், நன்னிலம் பக்கத்துக்காரர்களாக இருக்க வேண்டும். இரண்டாவது வரிசையில் இடமிருந்து நாலாவதாக, கோட்டுக்கு மேல் அங்கவஸ்திரம் போட்டு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். வலது கையில் ஒரு விரல் குறைவு. அவர் எந்த ஊரில் வாத்தியாராக இருந்தார் என்றுகூட அத்தை சொன்னார். பெயர் நினைவுக்கு வரவில்லை. அந்தப் பக்கத்துப் பழைய மனிதர்கள் யாராவது இதைப் படித்தால், கும்பகோணம் வரும்போது வீட்டுக்கு வாருங்கள். பெரிய திரையில் காட்டுகிறேன். நீங்கள் சொல்லச் சொல்ல, படத்துக்குள்ளேயே எழுதிவிடுகிறேன்.