கஸ்மாலமும் கேப்மாரியும் ஒன்றல்ல

எங்க எம்.கே.பி. நகர் பாஷையில் வாயைத் திறந்தாலே கல்லூரியில் பாதிப் பேர் சிரிப்பார்கள். மீதிப் பேர், "ஏன்டா திட்டுற?" என்பார்கள். வெளியூரிலிருந்து வந்த நண்பர்கள் மெட்ராஸ் பாஷை கற்றுக்கொள்ள ஆசைப்பட்டால், ஆளின் குணத்தைச் சொல்லும் வார்த்தைகளில் ஆரம்பியுங்கள் என்பேன். ஆனால் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் 'கஸ்மாலம்'. சினிமாவில் ரிக்‌ஷாக்காரர் பேசும் வசவு, அவ்வளவுதானே? இல்லை. வடமொழியில் 'கச்மலம்' என்றால் அழுக்கு, மனத்தளர்ச்சி. கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில், சோர்ந்து உட்கார்ந்த அர்ஜுனனிடம் கிருஷ்ணர் கேட்கும் கேள்வியிலேயே இந்தச் சொல் இருக்கிறது!

'பேமானி' உருது வழியாக வந்தது. 'ஈமான்' என்றால் நம்பிக்கை, நேர்மை. முன்னால் 'பே' சேர்ந்தால் அது இல்லை என்று அர்த்தம். 'தில்' இந்தியில் இதயம். நம்மிடம் வந்து துணிச்சல் ஆகிவிட்டது. இதெல்லாம் ஒருவன் செய்த காரியத்தைப் பார்த்துச் சொல்வது. வாங்கின காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் அப்புறம் அவன் பேமானி இல்லை. கணக்கு தீர்ந்தது.

'கேப்மாரி' அப்படி இல்லை. அது ஒரு சமூகத்தின் பெயர். தமிழ்நாட்டின் சீர்மரபினர் பட்டியலில் இன்றும் இருக்கிறது. 1871-இல் ஆங்கிலேயர் போட்ட குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-க்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குறிப்பிட்ட சமூகத்தில் பிறந்தாலே குற்றவாளி என்று சந்தேகிக்கச் சொன்ன சட்டம். 1952-இல் நாடு முழுவதும் அதைத் தூக்கிவிட்டார்கள். ஆனால் நாம் ஏமாற்றுக்காரனை அந்தப் பெயரால்தான் இன்னும் கூப்பிடுகிறோம். சட்டம் போய்விட்டது, நம்ம வாயில் மட்டும் அமலில் இருக்கிறது!

இது வடசென்னைக்காரனுக்குச் சட்டென்று புரிய வேண்டும். நேர்முகத் தேர்வில் "எந்த ஏரியா?" என்று கேட்டு, வியாசர்பாடி பக்கம் என்றதும் எதிரில் இருப்பவர் முகம் மாறுவதைப் பார்த்தவர்கள் நாம். நம்ம ஊர்ப் பெயரே ஒரு குணச்சொல் ஆனால் வலிக்கிறது இல்லையா? அதே வலிதானே அவர்களுக்கும்?

அதனால் பாஷையைத் திருத்துங்கள் என்று சொல்ல வரவில்லை. தாராளமாகத் திட்டுங்கள், கலாயுங்கள். செய்ததற்குத் திட்டுங்கள், பிறந்ததற்குத் திட்டாதீர்கள். அந்த ஒரு வார்த்தை போனால் நம்ம பாஷை ஒன்றும் ஏழையாகிவிடாது. ஏமாற்றுக்காரனுக்கு 'பேமானி' போதாதா என்ன?