கோடு சேராததற்கு இங்கிலீஷா காரணம்?

என் தங்கை மகன் அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் கணினி படிக்கிறான். கைப்பேசியில் தமிழ் தட்டச்சு செய்ய உதவும் ஒரு கட்டற்ற மென்பொருளில் பிழை ஒன்றைக் கண்டுபிடித்து, தானே திருத்தி, அதை உருவாக்கியவர்களுக்கு அனுப்பியிருக்கிறான். வாரக்கணக்கில் பதில் இல்லை. கல்லூரியில் முறையிட்டதற்குக் கிடைத்த தீர்ப்பு: "உன் இங்கிலீஷைப் பார்த்தா எவன் பதில் போடுவான்? கம்யூனிகேஷன் ஸ்கில் வேணும். முதல்ல ஸ்போக்கன் இங்கிலீஷ்ல சேரு." அதற்குப் பணம் கேட்டுத்தான் எங்கள் ஊரான நரிக்குடிக்கு வந்திருந்தான். "சேர்ந்துட்டா சரியாயிரும்ல மாமா?" என்று அவன் கேட்டபோது எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

அவன் அனுப்பியதை வாங்கிப் பார்த்தேன். 'சரிசெய்துவிட்டேன், சேர்த்துக்கொள்ளவும்' என்று ஒரு வரி. சில நாள் கழித்து, 'ஏன் இன்னும் சேர்க்கவில்லை' என்று கேள்விக்குறிகளோடு இன்னொரு வரி. இரண்டிலும் இலக்கணப் பிழை கிடையாது. ஆனால் எந்தக் கைப்பேசியில், எந்த எழுத்தை அடித்தால், என்ன தவறு வருகிறது? திருத்திய பிறகு வேறெதுவும் கெடவில்லை என்று எப்படிச் சோதித்தான்? ஒரு சொல் இல்லை. இதையே ஆக்ஸ்போர்டு ஆங்கிலத்தில் எழுதியிருந்தாலும் யாரும் திரும்பிப் பார்த்திருக்கமாட்டார்கள். இந்த நோய்க்கு இங்கிலீஷ் வகுப்பு என்ன மருந்து?

பேச்சுத்திறன் என்றால் ஆங்கிலம் என்ற இந்த நம்பிக்கை திருச்சுழியிலிருந்து சென்னைவரை பரவிக் கிடக்கிறது. இதை நம்புகிறவர்கள் எல்லோரும் கான் கொலிவாஸின் கதையைப் படிக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் மயக்க மருந்து மருத்துவர். ஆங்கிலத்திலேயே வாழ்ந்தவர். நிரலெழுதத் தானாகவே கற்றுக்கொண்டு, லினக்ஸ் இயங்குதளக் கருவின் ஷெட்யூலரில், அதாவது எந்த நிரலுக்கு எப்போது எவ்வளவு செயலி நேரம் என்று பங்கிடும் பகுதியில், கைவைத்தார். எல்லா நிரலுக்கும் நியாயமாகப் பங்கிடலாம் என்று 2007-இல் எழுதிக் காட்டினார். நல்ல கோடு, நல்ல நிரல். அதே ஆண்டு ஏப்ரலில் ஹங்கேரிக்காரரான இங்கோ மோல்னார் அதே எண்ணத்தில் வேறொன்றை எழுதி வெளியிட்டார். எண்ணத்துக்குக் கொலிவாஸே வழிகாட்டி என்று வெளிப்படையாகச் சொல்லியே வெளியிட்டார். லினக்ஸ் ஏற்றது மோல்னாருடையதை. அந்த ஜூலையிலேயே கொலிவாஸ் லினக்ஸ் வேலையை விட்டு விலகினார்.

ஏன் அப்படி? லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் காரணத்தை ஒளிக்கவில்லை. கோளாறு சொல்லி வந்தவர்களோடு கொலிவாஸ் வாதாடினார், மோல்னார் அவர்கள் சொன்னதைக் கேட்டுத் திருத்தினார் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். ஆங்கிலத்திலேயே வாழ்ந்தவர் தோற்றார், ஹங்கேரிக்காரர் வென்றார். தீர்ப்புச் சொன்னவரோ பின்லாந்தில் ஸ்வீடிஷ் பேசி வளர்ந்தவர்! மோல்னாரின் அந்த ஷெட்யூலர் 2023 வரை லினக்ஸில் இருந்தது. ஆண்ட்ராய்டின் அடியில் இருப்பதும் லினக்ஸ்தான் என்பதால், நரிக்குடி ரயில் நிலையத்தில் நிற்கிறவர் கையிலுள்ள போனிலும் அது ஓடியிருக்கும். ஆங்கிலம் போதுமென்றால் அங்கே கொலிவாஸின் கோடு ஓடியிருக்க வேண்டும்.

நல்ல கோடு தானே பேசிக்கொள்ளும் என்று இன்னொரு கூட்டம் சொல்லித் திரிகிறது. அவர்களுக்கும் கொலிவாஸ்தான் பதில். எந்தக் கோடும் தானே போய்ப் பேசிச் சேர்ந்துகொள்வதில்லை. அதை நாளை யார் பராமரிப்பார், கோளாறு வந்தால் யார் முகம் கொடுப்பார் என்று பார்த்துத்தான் சேர்க்கிறார்கள்.

எதிரில் இருப்பவர் சொல்வதைக் கேட்டுப் பொறுப்போடு பேசும் இந்த வித்தை நரிக்குடிப் பிள்ளைக்குப் புதிதா? விரகனூர் மதகணையிலிருந்து கிருதுமால் நதியில் தண்ணீர் விடச் சொல்லி ஆண்டுதோறும் மனு எழுதிப் பழகிய ஊர்க்காரர்கள் நாங்கள். வைகைத் தண்ணீர் இங்கே வந்து சேருமுன் எத்தனை ஊரைத் தாண்ட வேண்டும்! கண்மாயில் கொஞ்சம் தண்ணீர்தான் நின்றதென்றால் தலைமடைக்காரரும் கடைமடைக்காரரும் கரையில் உட்கார்ந்து முறை பேசுவார்கள். என் பயிர் காய்கிறது என்று மட்டும் கத்துகிறவன் பேச்சு அங்கே எடுபடாது. எத்தனை நாள் தண்ணீர் நிற்கும், எந்த வயல் கதிர் வாங்கும் நிலையில் இருக்கிறது, யார் இரண்டு நாள் பொறுக்கலாம் என்று கணக்கோடு பேசுகிறவனுக்குத்தான் மடை திறக்கும். கட்டற்ற மென்பொருளும் அந்தக் கண்மாய்தான். ஒருவருக்குச் சொந்தமில்லை, ஆயக்கட்டு முழுவதும் அதை நம்பியிருக்கிறது. தாத்தா கரையில் உட்கார்ந்து பேசிய பேச்சைப் பேரனுக்குச் சொல்லிக்கொடுக்காமல், டை கட்டிய ஒருவரைக் கூட்டிவந்து 'ஹவ் ஆர் யூ' சொல்லப் பழக்குகிறார்கள்.

ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த நம் பெரியவர்கள் மட்டும் என்ன சாதித்தார்கள்? கணினியில் தமிழ் எழுத்துக்கு இடம் பிடித்த கதையைப் பாருங்கள். இந்திய மொழிகளுக்காக 1988-இல் இந்திய அரசு வகுத்த இஸ்கி குறிமுறையின் அடியொற்றி, 1991-இல் உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான குறிமுறையான யுனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் குறித்தாகிவிட்டது. 'கி', 'கு' போன்ற உயிர்மெய்களுக்குத் தனி இடம் இல்லை என்று மாநாடு மாநாடாக நாம் குமுறியதெல்லாம் முடிவான பிறகு. ஒருமுறை குறித்த இடத்தை மாற்றுவதில்லை என்பது யுனிகோடின் உறுதி. கடைசியில் 2010 ஜூனில் தமிழக அரசு யுனிகோடையும் ஏற்று, டேஸ்-16 என்ற இன்னொரு குறிமுறையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டது. ஆங்கிலத்தில் மேடை அதிரப் பேசத் தெரிந்தவர்களுக்கு அப்போதும் பஞ்சமில்லை. முடிவெடுக்கும் இடத்தில் முன்கூட்டியே போய் உட்கார்ந்து, எதை விட்டுக்கொடுத்து எதை வாங்குவது என்று பேசுகிற பழக்கத்துக்குத்தான் பஞ்சம்.

2020 அக்டோபரில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். கட்டற்ற மென்பொருளுக்குப் பங்களிக்க ஊக்குவிக்கும் ஹாக்டோபர்ஃபெஸ்ட் என்ற போட்டி, நான்கு திருத்தங்கள் அனுப்பினால் ஒரு டி-ஷர்ட் என்று அறிவித்திருந்தது. உடனே உலகமெங்கும் உள்ள மென்பொருள் திட்டங்களில் குப்பை வந்து கொட்டத் தொடங்கியது. தலைப்பில் 'அமேசிங்' என்று ஒரு சொல்லைச் சேர்ப்பது, அதையே திருத்தம் என்று அனுப்புவது. எளிதாக டி-ஷர்ட் வாங்கும் வழி காட்டிய நம் நாட்டு யூடியூப் காணொளி ஒன்றுக்கும் இதில் பெரிய பங்கு. திட்டங்களை நடத்துகிறவர்கள் கொதித்தெழ, விரும்பிச் சேரும் திட்டங்களுக்கு மட்டுமே போட்டி என்று மாதம் தொடங்கிய சில நாட்களிலேயே விதியை மாற்ற வேண்டிவந்தது. 'அமேசிங்' என்பது நல்ல ஆங்கிலம்தானே? எதிரே உட்கார்ந்திருப்பவன் சம்பளமில்லாமல், தூக்கம் கெட்டு, தன் நேரத்தைத் தருகிற மனிதன் என்று யாரும் அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரவில்லை. வேலைவாய்ப்புப் பயிற்சி என்ற பெயரில் கல்லூரிகள் வாங்கும் கட்டணத்தில் இந்த ஒரு பாடத்துக்கு இடமில்லை.

அருப்புக்கோட்டைக் கல்லூரிகளுக்குச் சொல்கிறேன். அந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பை நிறுத்துங்கள். ஏதாவது ஒரு கட்டற்ற திட்டத்தை எடுத்து, அதில் மறுக்கப்பட்ட கோரிக்கைகளைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து வாசியுங்கள். ஏன் மறுத்தார்கள், மறுத்தவரிடம் அடுத்து என்ன கேட்கலாம், எதை விட்டுக்கொடுக்கலாம் என்று வகுப்பில் வாதாடட்டும், தமிழிலேயே. கட்டற்ற மென்பொருளைப் பற்றித் தமிழில் எழுதலாம் என்று கணியம் இதழ் 2012-இலிருந்து காட்டிவருகிறது. பிழை அறிக்கையையும் முதலில் தமிழில் ஒழுங்காக எழுதட்டும். அதை ஆங்கிலமாக்கக் கைப்பேசியிலேயே கருவி இருக்கிறது. கடைமடைக்காரன் இரண்டு நாள் பொறுப்பானா என்று கேட்டுவரத்தான் எந்தக் கருவியும் இல்லை.