காயலான் கடை என்ஜின் கடலைத் தாண்டுமா?

மவுண்ட் ரோட்டில் ஒரு வேன் மக்கர் பண்ணினால் என்ன நடக்கும்? பின்னால் வரும் பஸ்காரர் ஹாரன் அடிப்பார். போலீஸ்காரர் விசில் ஊதுவார். நாலு பேர் இறங்கி ஓரமாகத் தள்ளுவார்கள். அரை மணி நேரத்தில் மெக்கானிக் ஸ்கூட்டரில் வந்து இறங்குவார்.

அதே என்ஜின் கரையிலிருந்து நாற்பது மைல் தள்ளி, நடுக்கடலில் நின்றால்?

தள்ள ஆள் இல்லை. ஓரம் கட்ட ரோடும் இல்லை. காற்று எந்தப் பக்கமோ, நீரோட்டம் எந்தப் பக்கமோ, அந்தப் பக்கம்தான் படகும் போகும்.

இது கற்பனை அல்ல. 2020 ஜூலையில் காசிமேட்டிலிருந்து தங்கல் தொழிலுக்குப் போன ஒரு விசைப்படகு நடுக்கடலில் பழுதாகி நின்றது. ஐம்பது நாளுக்கு மேல் கடல் இழுத்த இழுப்புக்குப் போனது. கடைசியில் அதில் போனவர்கள் மீட்கப்பட்டது எங்கே தெரியுமா? மியான்மரில்! அந்தப் படகில் இருந்தது புது என்ஜினா, பழைய என்ஜினா என்பது இங்கே பேச்சு அல்ல. கடலில் என்ஜின் நின்றால் என்ன ஆகும் என்பதுதான் பேச்சு.

61 நாள் கணக்கு

கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். பலகை மாற்றுவது, பெயிண்ட் அடிப்பது, வலை பின்னுவது, என்ஜினைப் பிரிப்பது எல்லாம் அப்போதுதான்.

அப்படிப் பிரிக்கும்போதுதான் சில படகுக்காரர்களுக்குத் தலையில் இடி விழுகிறது. கிராங்க் போயிருக்கும். அல்லது பிளாக் வெடித்திருக்கும். “இது இனி தேறாது அண்ணே” என்று மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிடுவார்.

கடலுக்கென்றே செய்த புது என்ஜின் வாங்கப் பல லட்சம் வேண்டும். தொழில் இல்லாத இரண்டு மாதத்தில் அந்தப் பணத்துக்கு எங்கே போவது? வீட்டு நகை ஏற்கெனவே அடகுக் கடையில். மீட்டர் வட்டிக்கு வாங்கினால் மீன் பிடிப்பது வட்டிக்காரருக்காகத்தான்.

அப்போதுதான் கால் புதுப்பேட்டைப் பக்கம் போகிறது. கூவம் கரையோரம் கண்டமான லாரி, கார், வேன் எல்லாவற்றின் உறுப்புகளும் அக்குவேறு ஆணிவேறாகக் கிடைக்கும் இடம். புது என்ஜின் விலையில் ஒரு பங்குக்கு நல்ல லாரி என்ஜின் அங்கே கிடைக்கும்.

“லாரியில லட்சம் கிலோமீட்டர் ஓடின என்ஜின், போட்டுல ஓடாதா?” என்று கேட்கிறார் படகுக்காரர்.

நியாயமான கேள்விதான். அதற்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது.

ஓடும்... ஆனால்!

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வண்டி என்ஜின் கடலில் ஓடுவது பாவமும் அல்ல, புதுமையும் அல்ல.

உலகத்தின் பெரிய கம்பெனிகள் விற்கும் படகு என்ஜின்கள் பலவற்றின் பூர்வீகமே லாரியும் காரும்தான். இங்கிலாந்தில் ஃபோர்டு கம்பெனி லாரிக்கும் பிற வேலைக்கும் செய்த டீசல் என்ஜினை வாங்கி, கடலுக்கு ஏற்றபடி மாற்றி, லேமன் என்ற பெயரில் விற்றார்கள். அவற்றில் பல இன்னமும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

தாய்லாந்தில் நீளவால் படகு என்று ஒன்று உண்டு. பழைய கார், லாரி என்ஜினை அப்படியே பின்பக்கம் தூக்கி வைத்து, அதிலிருந்து நீளமாக ஒரு கம்பியை நீட்டி, நுனியில் புரொப்பெல்லரை மாட்டியிருப்பார்கள். ஆற்றிலும் கடலிலும் சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு பறக்கிறது.

ஆகவே குற்றம் என்ஜின் மேல் இல்லை. என்ஜினை வாங்கியதோடு வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் குற்றம். லாரியிலிருந்து இறக்கி அப்படியே படகில் ஏற்றினால், அது படகு என்ஜின் ஆகிவிடாது. கடலுக்குப் போன லாரி என்ஜினாகத்தான் இருக்கும்.

என்ன வித்தியாசம்?

லாரி எப்போதும் மூச்சுப்பிடித்து ஓடுவதில்லை. மேட்டில் ஏறும்போது திணறும். இறக்கத்தில் ஓய்வெடுக்கும். சிக்னலில் நிற்கும். வலையை இழுக்கும் படகுக்கு இறக்கமும் கிடையாது, சிக்னலும் கிடையாது. மணிக்கணக்கில் ஒரே பாரம், ஒரே வேகம். அதனால் லாரியில் அந்த என்ஜினுக்குச் சொன்ன முழுக் குதிரைத்திறனையும் கடலில் பிடுங்கக் கூடாது. வேகத்தைக் குறைத்து ஓட்டினால்தான் ஆயுள்.

அடுத்தது தண்ணீர். லாரிக்கு முன்னால் ரேடியேட்டரும் எதிர்க்காற்றும் இருக்கின்றன. படகின் என்ஜின் ரூமில் காற்று ஏது? சுற்றிலும் கடல்தான். “அதான் இவ்ளோ தண்ணி இருக்கே, பம்ப் வச்சு உள்ள விட்டா போச்சு” என்று சிலர் உப்புத் தண்ணீரையே நேராக பிளாக்குக்குள் விட்டுவிடுகிறார்கள்.

முதல் சில மாதம் ஒன்றும் தெரியாது. உள்ளே துரு அரிக்கும். சூட்டில் உப்பு படிந்து வழியை அடைக்கும். ஒரு நாள் ஹெட் கேஸ்கெட் போகும். அந்த ஒரு நாள் எந்த நாள் என்பதைக் கடல்தான் தீர்மானிக்கும்.

இதற்கு வழி இருக்கிறது. என்ஜினுக்குள் நல்ல தண்ணீர்தான் சுற்ற வேண்டும். அந்தத் தண்ணீரை ஹீட் எக்ஸ்சேஞ்சர் என்ற குழாய்ப் பெட்டியில் வைத்துக் கடல் நீரால் குளிர வைக்க வேண்டும். அல்லது படகின் அடியில் குழாய் ஓட்டி, அதற்குள் நல்ல தண்ணீரைச் சுற்ற விட வேண்டும். அரிப்பைத் தாங்கிக்கொள்ள ஒரு துத்தநாகக் கட்டியும் வைக்க வேண்டும். பாதி கரைந்ததும் மாற்றிவிட வேண்டும். கட்டி கரைந்தால் என்ஜின் கரையாது!

கியரும் ஷாஃப்டும்

லாரி கியர் பாக்ஸை அப்படியே வைத்துக்கொள்ள ஆசைப்படுபவர்கள் உண்டு. நாலு கியர், ஐந்து கியர் கடலில் எதற்கு? வேண்டியது முன்னே, பின்னே, நியூட்ரல். அவ்வளவுதான்.

அதைவிடப் பெரிய விஷயம் வேறு. புரொப்பெல்லர் தண்ணீரைப் பின்னே தள்ளும்போது ஷாஃப்டை முன்னே தள்ளுகிறது. அந்தத் தள்ளுதான் படகை நகர்த்துகிறது. படகுக்கென்று செய்த கியர் பாக்ஸ் அந்தத் தள்ளைத் தாங்கிக்கொள்ளும். லாரி கியர் பாக்ஸின் பேரிங்குக்கு அந்த வேலை பழக்கம் இல்லை. தேய்ந்து, கடைசியில் இடி கிராங்குக்கே போய்ச் சேரும்.

புரொப்பெல்லர் அளவும் என்ஜினுக்குப் பொருந்த வேண்டும். பெரியதாகப் போட்டால் என்ஜின் உரிய சுற்றுக்கே ஏறாது. கரும்புகை கக்கும். டீசலைக் குடிக்கும்.

என்ஜினும் ஷாஃப்டும் ஒரே நேர்க்கோட்டில் இருக்க வேண்டும். இணைக்கும் இடத்தில் ஒரு தாள் பருமனுக்கு மேல் இடைவெளி ஏறுமாறாக இருந்தால் அதிர்வு வரும், பேரிங் போகும். இதைக் கரையில் பார்த்தால் மட்டும் போதாது. தண்ணீரில் இறங்கியதும் படகின் உடம்பு கொஞ்சம் வளைந்து கொடுக்கும். மிதக்கவிட்டு மறுபடியும் பார்க்க வேண்டும்.

என்ஜின் படகில் சாய்வாக உட்காரும் என்பதையும் மறக்கக் கூடாது. சாய்ந்தால் எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கும். சமமான ரோட்டுக்குப் போட்ட டிப் ஸ்டிக் கோடு அப்போது பொய் சொல்லும்.

பெட்ரோல் என்றால் ஜாக்கிரதை!

டீசல் என்ஜினுக்கு இவ்வளவு என்றால், பெட்ரோல் கார் என்ஜினைப் படகுக்குள் வைப்பது வெடிமருந்தோடு விளையாடுவது.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. ரோட்டில் கசிந்தால் காருக்கு அடியில் இறங்கிக் காற்றோடு போய்விடும். படகு ஒரு கிண்ணம் மாதிரி. கசிந்த ஆவி அடிவயிற்றில் போய்த் தங்கும். சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட்டரில் ஒரு பொறி... அப்புறம் சொல்ல வேண்டியதே இல்லை.

அமெரிக்காவில் இதற்காகவே மூடிய பெட்ரோல் படகுகளில் காற்றை வெளியேற்றும் விசிறி வைத்திருக்கிறார்கள். சாவியைத் தொடுவதற்கு முன் நாலு நிமிடம் அதை ஓடவிட வேண்டும் என்பது அங்கே பாடம். தாய்லாந்துப் படகில் என்ஜின் திறந்த வெளியில் இருப்பதால் அந்த ஆபத்து குறைவு. அதைப் பார்த்துவிட்டு இங்கே பலகைக்கு அடியில் பெட்ரோல் என்ஜினை அடைத்து வைப்பது அறிவீனம்.

வாங்கும்போதே பார்க்கணும்

சென்னைக்காரர்களுக்கு இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் எத்தனை வண்டிகள் மூழ்கின என்பதை மறந்துவிட முடியாது. தண்ணீர் புகுந்த பிறகு ஸ்டார்ட் பண்ணிய என்ஜினில் கனெக்டிங் ராடு வளைந்திருக்கலாம். மேலே பெயிண்ட் அடித்துவிட்டால் வெளியே பளபளப்புதான் தெரியும்.

எண்ணெய் பால் காபி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் கலந்திருக்கிறது. ஓடும்போது எண்ணெய் மூடியைத் திறந்து, குபுகுபு என்று புகை வந்தால் ரிங்கு தேய்ந்திருக்கிறது. ஓட்டிக் காட்ட மறுத்தால், நடையைக் கட்ட வேண்டியதுதான்.

புத்தம் புது மாடல் என்று மயங்கவும் கூடாது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பி.எஸ்.6 விதி. அதன்படி வந்த லாரி என்ஜின்கள் கம்ப்யூட்டர் சொன்னால்தான் ஓடும். ஏகப்பட்ட சென்சார், ஒயர். உப்புக் காற்றுக்கு இதெல்லாம் அல்வா சாப்பிடுகிற மாதிரி. பழைய காலத்து டீசல் பம்ப் வைத்த என்ஜின் என்றால், நடுக்கடலில் ஒரு ஸ்பேனரை வைத்தாவது ஏதாவது செய்து பார்க்கலாம்.

தடை தீர்வாகுமா?

“பழைய என்ஜினே போடக் கூடாது என்று தடை போட்டால் தீர்ந்தது” என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். தீராது. பகலில் இறங்கும் என்ஜின் ராத்திரியில் இறங்கும். அவ்வளவுதான் வித்தியாசம். பணம் இல்லாதவருக்குத் தடையால் பணம் வந்துவிடாது.

கண்டுகொள்ளாமல் விடுவதும் சரியல்ல. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983லேயே வந்துவிட்டது. படகைப் பதிவு செய்யவும் விதி இருக்கிறது. குதிரைத்திறன் என்ன என்று பார்ப்பதோடு, என்ஜின் கடலுக்குத் தகுதியாக இறக்கப்பட்டிருக்கிறதா என்றும் பார்த்தால் என்ன?

61 நாளும் துறைமுகத்திலேயே ஒரு சோதனைக் கொட்டகை வேண்டும். அனுபவப்பட்ட மெக்கானிக் இரண்டு பேர் இருந்தால் போதும். தண்ணீர், எண்ணெய், கியர், ஷாஃப்ட், புகைக்குழாய், ஒயரிங் என்று வரிசையாகப் பார்க்கட்டும். சரியாக இருந்தால் முத்திரை. இல்லையென்றால் எதை மாற்ற வேண்டும் என்று ஒரு சீட்டு. அபராதம் வேண்டாம், ஆலோசனை போதும். புது என்ஜினுக்கு முழு உதவி செய்ய முடியாவிட்டால், ஹீட் எக்ஸ்சேஞ்சருக்கும் கியர் பாக்ஸுக்குமாவது கடன் கொடுக்கலாமே!

படகுக்காரர்களும் ஒரு கணக்கை மனதில் வைக்க வேண்டும். பழைய என்ஜினுக்கு ஒரு ரூபாய் கொடுத்தால், அதைக் கடலுக்குத் தயார் பண்ண இன்னொரு ரூபாய் எடுத்து வைக்க வேண்டும். இரண்டாவது ரூபாய் இல்லை என்றால் முதல் ரூபாயும் தண்ணீரில்தான்.

என்ஜினை இறக்கியதும் மறுநாளே தங்கலுக்குப் புறப்படக் கூடாது. கரை தெரியும் தூரத்தில் ஒரு நாள் முழுக்க, பாரத்தோடு ஓட்டிப் பார்க்க வேண்டும். கூடவே இன்னொரு படகு இருப்பது நல்லது. கடலோரக் காவல் படையின் 1554 என்ற எண்ணைப் படகில் உள்ள அத்தனை பேரும் மனப்பாடம் செய்திருக்க வேண்டும். சிக்னல் எட்டாத தூரத்தில் போன் உதவாது. ஆகவே வயர்லெஸ்சும் வேலை செய்ய வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடையோடு மீன் மார்க்கெட்டுக்குப் போகிறவர்கள் “வஞ்சிரம் என்ன இந்த விலை?” என்று கேட்பது வழக்கம். அந்த மீனைப் பிடித்து வந்த படகில் எந்த என்ஜின் ஓடியது என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டியவர்கள் துறைமுகத்தில் இருக்கிறார்கள். அவர்களாவது கேட்கட்டும்!

கண்டமான லாரியின் என்ஜின் கடலுக்குப் போகலாம். அதில் போகிற ஆட்கள் திரும்பி வர வேண்டும். அதுதான் கணக்கு.