முதல் விமானம் எது?



விடுமுறைக்குக் கோலார் தங்கவயலுக்குப் போகும்போதெல்லாம் எங்கள் தெருத் தம்பிமார் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கின்றனர். “அண்ணா, ரேடியோவால் ஓட்டும் மின்சார விமானம் ஒன்று வாங்கப் பணம் சேர்த்து வைத்திருக்கிறோம். எதை வாங்கலாம்?” கேள்வி சிறியதுதான், விடை எளியதன்று. அந்தப் பணம் எப்படிச் சேர்ந்தது என்பதை நான் அறிவேன். விடியுமுன் மாரிக்குப்பத்தில் இரயிலேறிப் பெங்களூரில் வேலை பார்த்து, இருட்டிய பின் வீடு திரும்பும் தந்தையரின் பணம் அது. ஒரே நாளில், ஒரே வீழ்ச்சியில், அது மண்ணாகிவிடலாமா?

தம்பிமார் விரல் நீட்டுவது எப்போதும் போர் விமானத்தின் படத்தையே. கூர்மையான மூக்கு, குட்டையான சிறகு, பளபளக்கும் வண்ணம்! இளமைக்கு வேகத்தில் மோகம் இருப்பது இயல்பே. ஆயினும் என் கருத்து இதுதான்: முதல் விமானத்தை அழகைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது, விழுந்தால் மீண்டும் எழுமா என்று பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். கற்றுக்கொள்பவனின் விமானம் விழத்தான் செய்யும். விழாத விமானத்தைத் தேடுவது வீண். நன்றாக விழும் விமானத்தைத் தேடுவதே அறிவுடைமை.

இதற்குக் காரணம் பௌதிகத்தில் இருக்கிறது. சிறகு, விமானத்தைத் தாங்க வேண்டுமானால் ஒரு குறைந்த அளவு வேகமேனும் வேண்டும். அதற்குக் கீழே போனால் தாங்கும் விசை குலைந்து விமானம் விழும். அந்த வேகம், எடையைச் சிறகின் பரப்பால் வகுத்து வரும் எண்ணைப் பொறுத்தது. ஒரு பயிற்சி விமானத்தின் சிறகு 120 செ.மீ. நீளமும் 20 செ.மீ. அகலமும் கொண்டது என்க. எடை 800 கிராம். கணக்கிட்டால் மணிக்கு ஏறத்தாழ 25 கி.மீ. வேகம் வரை அது மிதக்கும். மிதிவண்டியை வேகமாக மிதிப்பவனின் வேகம்தான் அது. பாதிப் பரப்பும் 960 கிராம் எடையும் உள்ள போர் விமான வடிவமோ 39 கி.மீ. வேகத்திற்குக் கீழே நிற்காது. தரையில் மோதும் ஆற்றல் முன்னதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. சிந்திப்பதற்குக் கிடைக்கும் நேரமோ குறைவு. புதியவனுக்கு எது தோழன், எது பகைவன்?

நம் ஊரின் உயரத்தையும் மறந்துவிடக் கூடாது. தங்கவயல் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில் உள்ளது. இங்கே காற்றின் அடர்த்தி சென்னைக் கடற்கரையைவிட எட்டு விழுக்காடு அளவு குறைவு. எனவே அதே விமானம் இங்கே நான்கு விழுக்காடு கூடுதல் வேகத்தில் பறந்தாக வேண்டும். சிறிய வேறுபாடுதான், ஆனாலும் எடை குறைந்த விமானத்தையே நாடுவதற்கு இது இன்னொரு காரணம்.

ஆகவே தம்பிமாருக்கு நான் சொல்லும் இலக்கணம் இது. சிறகு உடலின் மேற்புறத்தில் அமைந்திருக்கட்டும். அதன் இரு முனைகளும் சற்றே மேல்நோக்கி வளைந்திருக்கட்டும். அப்போது விமானம் ஒரு பக்கம் சாய்ந்தாலும் தானே நிமிர முயலும். புரொப்பெல்லர் சிறகுக்குப் பின்னே இருந்தால் மூக்கு மோதும்போது அது தப்பிக்கும். உடல், வளைந்து மீளும் நுரையால் ஆனதாக இருக்கட்டும். பசையும் நாடாவும் போதும், மாலைக்குள் சீர் செய்துவிடலாம். மோட்டார், சுக்கான், ஏற்ற இறக்கத்திற்கான வால் தட்டு ஆகிய மூன்றையும் ஆளத் தெரிந்தால் தொடக்கத்திற்குப் போதும். சிறகின் ஏலரான்கள் அடுத்த படி.

பணத்தை எதில் செலவிடுவது? இங்கேதான் பலர் தடுமாறுகின்றனர். உடல் அழியும், ரேடியோ அழியாது. நல்ல கைப்பெட்டியும், நல்ல சார்ஜரும் இரண்டாம் விமானத்திற்கும் மூன்றாம் விமானத்திற்கும் உதவும். ஆகவே பணத்தின் பெரும்பகுதி அவற்றிற்கே போகட்டும். உடலை வாங்கவும் வேண்டுவதில்லை. விளம்பரப் பலகை செய்வோரிடம் கிடைக்கும் நுரை அட்டையும், கூரிய கத்தியும், பொறுமையும் இருந்தால் வீட்டிலேயே செய்துவிடலாம். தானே செய்தவன் உடைந்தால் அழமாட்டான். எங்கே உடைந்தது என்று பார்ப்பான்.

மின்கலத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மூன்று அறைகள் கொண்ட, 11.1 வோல்ட், 2200 மில்லி ஆம்பியர்-மணி லித்தியம் பாலிமர் மின்கலத்தில் சுமார் 24 வாட்-மணி ஆற்றல் அடங்கியிருக்கிறது. சராசரி 100 வாட் செலவானால், ஐந்தில் ஒரு பங்கை மிச்சம் வைத்துப் பத்து நிமிடம் பறக்கலாம். ஆனால் ஓர் அறையை 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றினாலோ, மின்கலம் நசுங்கினாலோ தீப்பற்றக் கூடும். லைன் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டியவை என்பதை நினைவில் வையுங்கள். சிமெண்டுத் தரையில் வைத்து, அருகிலிருந்து பார்த்துக்கொண்டே மின்னேற்றுங்கள். ஏற்றிவிட்டு உறங்கப் போகாதீர்கள்.

எங்கே பறக்க விடுவது? சயனைடு மேடுகள் வெட்டவெளியாய்த் தோன்றி நம்மை அழைக்கின்றன. அங்கே வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. அவை பொன்னைப் பிரித்தெடுத்த பின் கொட்டிய நுண்ணிய கழிவு; அந்தத் தூசி மூச்சுக்கு ஆகாது. சுரங்க எல்லைக்குள் கைவிடப்பட்ட குழிகளும் உண்டு. வேலிக்கு அப்பால் விழுந்த விமானத்தை எடுக்க ஓடும் சிறுவனை நினைத்தாலே நெஞ்சம் நடுங்குகிறது. விமானம் போனால் இன்னொன்று செய்யலாம், தம்பி போனால்? காற்று அடங்கிய காலை நேரத்தில், ஆட்கள் இல்லாத பந்து மைதானமே போதும். கண்ணுக்கெட்டிய தொலைவில் மட்டும் ஓட்டுங்கள். 2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகள், கற்பதற்கும் பொழுதுபோக்கிற்குமான மாதிரி விமானத்திற்கு இந்த எல்லையையே வகுத்துள்ளன. பறக்கும் இடம் பச்சை மண்டலமா, சிவப்பு மண்டலமா என்று அரசின் வரைபடத்தையும் பார்த்துவிடுங்கள்.

“இது பணக்காரர் வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு அல்லவா? நமக்கெதற்கு?” என்று கேட்கும் பெரியவர்களும் உளர். அவர்களை நான் மதிக்கிறேன். அவர்கள் கூற்றை ஏற்கவில்லை. 1957-இல், ஜூன் 30 அன்று, இங்கிலாந்தில் டாப்ளின் என்னும் கர்னல் மின் மோட்டாரால் இயங்கும் விமானத்தை ரேடியோவால் பறக்கவிட்டார். அந்நாளில் அது அரிய செயல். இன்றோ ஐந்து நண்பர்கள் கூடிப் பங்கு போட்டால் ஒரு விமானம் எழும். குரோம்பேட்டை எம்.ஐ.டி. மாணவரின் ‘தக்ஷா’ குழு 2018-இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாமிடம் பெற்றது. அக்குழுவின் ஆலோசகராக இருந்த நடிகர் அஜித்குமார் மாதிரி விமானங்களில் நீண்ட நாள் ஈடுபாடு உடையவர். விளையாட்டும் கல்வியும் வேறு வேறு என்று யார் சொன்னது?

எங்கள் முன்னோர் வட ஆற்காட்டிலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் இங்கே வந்தது மண்ணுக்குள் இறங்குவதற்காக. சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழமானது. 1902-இலேயே சிவசமுத்திரத்து மின்சாரம் இவ்வூரை எட்டியது. சுரங்க எந்திரங்களை ஓட்டுவதற்காக. 1965-இல் அதே சுரங்கத்தின் ஆழத்தில், வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவின் தடத்தை விஞ்ஞானிகள் கண்டனர். 2001-இல் சுரங்கம் மூடப்பட்டது. உலகுக்கே அறிவியல் தந்த ஊரின் பிள்ளைக்கு, “இதெல்லாம் நமக்கு எட்டாது” என்ற எண்ணம் மட்டும் வந்துவிடக் கூடாது. தவறான முதல் விமானம் உடைப்பது நுரையை மட்டுமன்று; அந்த நம்பிக்கையையும் உடைக்கிறது. முதல் நாளே நொறுங்கியதைக் கண்ட சிறுவன் இரண்டாம் நாள் மைதானத்திற்கு வருவதில்லை.

ஆகவே தோழர்களே, ஊருக்குப் போகும் நீங்கள் ஒவ்வொருவரும் ஒரு தம்பிக்கோ தங்கைக்கோ இதைச் சொல்லுங்கள். மெதுவாகப் பறப்பதை வாங்கட்டும். முடிந்தால் தானே செய்யட்டும். கணிப்பொறிப் பயிற்சி நிரலில் சில நாள் பழகட்டும். விமானம் தன்னை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறித் தெரியும். அக்குழப்பம் அங்கேயே தீரட்டும். பிறகு மைதானத்திற்கு வரட்டும். போர் விமானம் எங்கும் ஓடிப் போகாது. கை பழகிய பின் அதனை வாங்கிக்கொள்ளலாம்.