15-ம் 5-ம் பத்தாது!

என் மனைவியின் ஆறு பவுன் வளையல் தற்சமயம் ஒரு வங்கியின் இரும்பு அறைக்குள் பத்திரமாக இருக்கிறது. திருடன் வருவான் என்று பயந்து கொண்டுபோய் வைக்கவில்லை. என் மச்சான் கார் வாங்குவதற்காக அங்கே போனது.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். தாம்பரத்தில் மூன்று சின்னக் கார்களை வைத்துக்கொண்டு டிராவல்ஸ் நடத்துகிறார். ஏர்போர்ட் டிராப், திருப்பதி ட்ரிப், காதுகுத்து, சீமந்தம் என்று பிழைப்பு நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்தது. அந்த நிம்மதி அவருக்குப் பிடிக்கவில்லை. ஒரு நாள் ராத்திரி வந்து, "மாப்ளே, பெரிய மனுஷங்களை ஏத்தினாத்தான் நாமளும் பெரிய மனுஷன் ஆக முடியும்" என்றார். அவர் இப்படிப் பேசினால் வீட்டில் யாரோ ஒருவர் எங்கேயோ கையெழுத்துப் போடவேண்டும் என்று அர்த்தம்.

விஷயம் இதுதான். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனி. இன்னொரு யூனிட் ராணிப்பேட்டையில். வெளிநாட்டிலிருந்து வரும் அதிகாரிகள் கிண்டியில் ஓட்டலில் தங்குவார்கள். அவர்களுக்கு மாதக் கான்ட்ராக்டில் ஒரு சொகுசு கார் வேண்டும். மாதம் 3,000 கிலோமீட்டர். பெட்ரோல், டிரைவர், டயர் எல்லாம் மச்சான் தலையில். புதுசில் அரைக் கோடிக்கு மேல் விற்ற ஒரு ஐரோப்பிய செடான், மஞ்சள் போர்டோடு ஆறு வருஷம் ஓடிக் களைத்து, ஒரு சின்னப் புதுக் காரின் விலைக்கு வந்தது. சொகுசு கார்களின் விலை இறங்குகிற வேகத்தைப் பார்த்தால் லிஃப்ட் கயிறு அறுந்துவிட்டதோ என்று தோன்றும்.

டீசல் வண்டியாகப் பார்க்கக்கூடாதா என்று கேட்டேன்.

"டீசல் சத்தம் போடும் மாப்ளே. பணக்காரங்களுக்கு அவங்க போடற சத்தம் மட்டும்தான் பிடிக்கும்."

கணக்கு என்னிடம் வந்தது. நான் பி.காம். எங்கள் குடும்பத்தில் யார் என்ன தொழில் ஆரம்பித்தாலும் பிள்ளையார் சுழிக்கு அடுத்தபடி என் கையெழுத்துதான். கேட்லாக்கில் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்று போட்டிருந்தது. 3,000-ஐ 15-ஆல் வகுத்தால் 200 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்று முழுசாக வைத்துக்கொண்டால் 20,000 ரூபாய். தவணை, டிரைவர் சம்பளம், சர்வீஸ், இன்ஷூரன்ஸ் எல்லாம் போக மாதம் 18,000 நிற்கும் என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டேன். அந்த இரண்டு கோட்டைப் பார்த்துத்தான் என் மனைவி வளையலைக் கழற்றினாள்.

முதல் மாத முடிவில் பெட்ரோல் பில்களைக் கூட்டினோம். 400 லிட்டர். 40,000 ரூபாய். 18,000 லாபம் என்பது 2,000 நஷ்டமாகியிருந்தது.

"கேட்லாக்ல பொய்யைப் போட்டு ஏமாத்திட்டானுங்க மாப்ளே!" என்று மச்சான் குதித்தார். நான் கொஞ்சம் விசாரித்தேன். கேட்லாக் பொய் சொல்லவில்லை. அது வேறு ஒரு உலகத்தைப் பற்றிய உண்மையைச் சொல்லியிருக்கிறது. வண்டி சான்று வாங்கிய காலத்தில், புனேயில் இருக்கும் ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனைக்கூடங்களில் ஒரு அறைக்குள் ரோலர் மேல் ஏற்றி ஓட்டுவார்கள். மொத்தம் சுமார் 20 நிமிஷம். திரையில் வரும் கோட்டின்படி வேகத்தை ஏற்றி இறக்கவேண்டும். 90 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது. ஏ.ஸி. கிடையாது. குறுக்கே ஷேர் ஆட்டோ கிடையாது. பெருங்களத்தூர் கிடையாது. எனக்கும் அப்படி ஒரு அறையில் வாழ்க்கை நடத்தக் கிடைத்தால் நானும் சம்பளத்தில் பாதியை மிச்சம் பிடித்துக் காட்டுவேன்.

இந்தச் சோதனைக்கு மூலம் ஐரோப்பாவுடையது. அங்கேயே இந்தக் கூத்து நடந்திருக்கிறது. ஐ.சி.சி.டி. என்ற ஆராய்ச்சி அமைப்பு கணக்கெடுத்தது. சோதனை அறைக்கும் நிஜ ரோட்டுக்கும் உள்ள வித்தியாசம் 2001-ல் 9 சதவிகிதம். 2015-ல் 42! கார்கள் திடீரென்று சோம்பேறி ஆகிவிடவில்லை. கம்பெனிகள் பரீட்சைக்கு மட்டும் படிக்கக் கற்றுக்கொண்டுவிட்டன. கடைசியில் 2017 செப்டம்பரிலிருந்து அங்கே கொஞ்சம் யோக்கியமான புதுச் சோதனை கொண்டுவந்தார்கள்.

சரி, கேட்லாக்கை விடுவோம், நாமே அளப்போம் என்று முடிவானது. டாஷ்போர்டில் கம்ப்யூட்டரே மைலேஜ் காட்டுகிறதே என்பீர்கள். அது இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பதை வைத்துப் போடுகிற உத்தேசக் கணக்கு. பெரும்பாலும் நம் மனசு கோணாத மாதிரிதான் சொல்லும். நம்பகமான வழி பழைய வழிதான். ஒரே பங்க், ஒரே பம்ப். டேங்கை நிரப்பி, தானாக 'டக்'கென்று நின்றதும் நிறுத்திவிட்டு, ஓடி முடித்து வந்து மறுபடி அதே 'டக்' வரைக்கும் நிரப்பவேண்டும். ஊற்றியது எத்தனை லிட்டரோ அத்தனைதான் செலவு.

மச்சான் இரண்டு தடவை டிரைவர் பக்கத்திலேயே உட்கார்ந்து போனார். ராணிப்பேட்டைக்கு விடிகாலையில் 80-ஐத் தாண்டாமல் போனதில் லிட்டருக்கு 15. கேட்லாக் சொன்னதேதான். அடுத்த நாள் முழுக்க ஊருக்குள். ஏர்போர்ட், ஓட்டல், நுங்கம்பாக்கம், திரும்பவும் ஏர்போர்ட். லிட்டருக்கு 5.

"பாதி ஹைவே, பாதி சிட்டி. 15-ம் 5-ம் கூட்டினா 20. பாதி 10. சரியா மாப்ளே?"

"சரிதான் மச்சான்" என்றேன்.

"3,000-ஐப் பத்தால வகுத்தா 300 லிட்டர். பில்லு 400. மீதி நூறு லிட்டர் எங்கே?"

எங்கே என்பதை அவர் ஏற்கெனவே தீர்மானித்திருந்தார். டிரைவர் அண்ணனுக்கு ஐம்பத்தைந்து வயசிருக்கும். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, யாருக்கும் கதவைத் திறந்துவிட்டு அரை அடி பின்னால் நிற்பார். மறுநாள் காலை செட்டில் நாலு பேர் முன்னால் மச்சான் அவரிடம், "நூறு லிட்டரை எவன்கிட்ட வித்தே?" என்று கேட்டார். அவர் பதில் சொல்லவில்லை. சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். 'சரிதான் மச்சான்' என்று சொன்ன வாயோடு.

மச்சான் என்னிடம் ஒரு வேலை கொடுத்தார். பாக்கிச் சம்பளத்தில் எவ்வளவு பிடித்துக்கொள்வது என்று ஒரு ஸ்டேட்மென்ட். காலேஜில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், இரண்டு பக்கமும் டேலி ஆகாவிட்டால் வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டில் போடு என்று. அந்த நூறு லிட்டருக்கு நாங்கள் ஒரு மனுஷனையே சஸ்பென்ஸில் போட்டிருந்தோம்.

நாலாவது நாள் ராத்திரி உட்கார்ந்து கட்டம் போட்டேன். ஹைவே 1,500 கிலோமீட்டர், லிட்டருக்கு 15, ஆக 100 லிட்டர். சிட்டி 1,500 கிலோமீட்டர், லிட்டருக்கு 5, ஆக 300 லிட்டர். கூட்டல், 400.

மறுபடி கூட்டினேன். 400. சொட்டு குறையவில்லை.

பத்து என்பதே தப்பு சார்! 15-ம் 5-ம் சமதூரம் ஓடினால் சராசரி 10 இல்லை, ஏழரை. ஏழரைதான் பிடித்திருந்தது. லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று சொல்லும்போது நம் மூளை கிலோமீட்டரைக் கூட்டிப் பார்க்கிறது. காசு கொடுப்பதோ லிட்டருக்கு. ரோட்டில் பாதி தூரம்தான் ஊருக்குள். ஆனால் டேங்கில் முக்கால் பங்கை ஊர்தான் குடித்திருக்கிறது.

எனக்கு மட்டும்தான் இந்தக் கண்கட்டு என்றில்லை. அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் லாரிக், ஜாக் சோல் என்ற இரண்டு பேர் 2008-ல் 'சயன்ஸ்' இதழில் இதைப்பற்றியே எழுதியிருக்கிறார்கள். மைலேஜ் என்று எண்ணைக் கொடுத்தால் ஜனங்கள் தப்பாக எடை போடுகிறார்கள் என்று. நம் கணக்கிலேயே பாருங்கள். ஹைவே மைலேஜை 15-லிருந்து 20 ஆக்கினால் 1,500 கிலோமீட்டருக்கு மிச்சம் 25 லிட்டர். சிட்டி மைலேஜை 5-லிருந்து வெறும் 7 ஆக்கினால் மிச்சம் 86 லிட்டர்! ஐரோப்பாக்காரர்கள் இதைத் திருப்பிப்போட்டு, நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று எழுதுகிறார்கள். அந்த எண்களைக் கூட்டி வகுத்தால் சரியாக வரும். பி.காம். படித்தவன் மானமும் காப்பாற்றப்படும்.

அது சரி, ஊருக்குள் ஏன் அஞ்சு? வண்டி எடை சுமார் 1,700 கிலோ. அதை நின்ற இடத்திலிருந்து 50 கிலோமீட்டர் வேகத்துக்கு உந்த ஏறக்குறைய 20 மில்லி பெட்ரோல் வேண்டும். அடுத்த சிக்னலில் பிரேக்கை மிதிக்கிறோம். அவ்வளவும் சூடாகிக் காற்றில் போச்சு. ஒரு பிரேக் ரெண்டு ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். போதாததற்கு பெட்ரோலில் எத்தனால் 20 சதவிகிதம் கலக்கும் நிலையை நம் நாடு 2025-ல் எட்டிவிட்டது. எத்தனாலுக்குச் சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. லிட்டருக்கு ஆறேழு சதவிகிதம் சக்தி அங்கேயே போய்விடுகிறது.

ஆனால் இதெல்லாம் சேர்ந்தும் அஞ்சுக்கு இறக்காது என்று பட்டது. அதைத் தெரிந்துகொள்ளவும், அதைவிட முக்கியமான இன்னொரு காரியத்துக்கும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு இரும்புலியூருக்குப் போனேன். மச்சான் பின்னாலேயே வந்தார். தெருமுனையில் நின்றுகொண்டு, "நீங்க மொதல்ல போங்க மாப்ளே" என்றார்.

டிரைவர் அண்ணன் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவர் சம்சாரம் டீ கொடுத்தார், முகத்தைப் பார்க்காமல். நான் கட்டம் போட்ட காகிதத்தை நீட்டி விளக்க ஆரம்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, உள்ளே போய் சட்டைப்பையில் அடங்குகிற ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துவந்தார். முதல் நாளிலிருந்து எல்லாம் இருந்தது. தேதி, ஓடோமீட்டர், ஊற்றிய லிட்டர். கடைசிக் கட்டத்தில் 'வெயிட்டிங் - 3 மணி', 'வெயிட்டிங் - 2.50' என்று வரிசையாக.

"இது என்னண்ணே?"

"ஓட்டல் வாசல்லயும் ஃபேக்டரி வாசல்லயும் சார். துரைங்க வந்து ஏறும்போது வண்டி ஜில்லுனு இருக்கணும்னு கம்பெனியில ஆர்டர். எப்ப வருவாங்கன்னு தெரியாது. இன்ஜினை ஆஃப் பண்ணவே முடியாது."

ஏ.ஸி.யோடு நின்றபடி ஓடும் இன்ஜின் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் குடிக்கும். ஒரு நாளைக்கு மூன்று மணி, 26 நாள், 78 மணி நேரம். கிட்டத்தட்ட 90 லிட்டர். ஒரு அடிகூட நகராமல்! இந்த 90-ஐக் கழித்தால் சிட்டி மைலேஜ் 7.

"இதை அன்னிக்கே காட்டியிருக்கலாமேண்ணே?"

"கேட்டிருந்தா காட்டியிருப்பேன் சார். வித்தியான்னுதானே கேட்டாங்க."

மச்சான் எப்போது உள்ளே வந்தார் என்று தெரியவில்லை. வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். கொஞ்ச நேரம் நோட்டைப் புரட்டினார். அப்புறம், "நாளைக்கு ஆறு மணிக்கு வண்டி எடுக்கணும்ணே" என்றார். அவர் எந்த டிரைவரையும் 'அண்ணே' என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

"வர்றேன் மொதலாளி. அந்த நாலு நாள் சம்பளம்?"

மச்சான் என்னைப் பார்த்தார். என் கணக்கில் எழுதிக்கொள்ளச் சொன்னேன். செட்டில் அந்த நாலு பேர் முன்னால் தப்பைச் சொல்வதையும் மச்சானே செய்யவேண்டும் என்றேன். மறுநாள் காலை செய்தார். டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் சொன்னார், ஆனால் சொன்னார்.

நோட்டுப் புத்தகத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போனோம். அங்கே இருந்த அதிகாரி, "வண்டி சும்மாதானே சார் நிக்குது, அதுக்கு எதுக்குக் காசு?" என்றார். அவர் ரூமில் ஏ.ஸி. பதினெட்டில் ஓடிக்கொண்டிருந்தது. மச்சான் அதைக் காட்டி, "நீங்களும் சும்மாதான் சார் உக்காந்திருக்கீங்க. கரன்ட் பில் வரலியா?" என்று கேட்டுவிட்டார். கான்ட்ராக்ட் போச்சு என்று நினைத்தேன். அந்த மனுஷர் சிரித்துவிட்டார். காத்திருப்புக்கு மணிக்கு 120 ரூபாய் என்று பேசி முடிந்தது. 78 மணிக்கு 9,360. இரண்டாயிரம் நஷ்டம் போக 7,360 நிற்கிறது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் புதுக் கணக்கைக் காட்டினேன். வளையல் திரும்பி வர முன்பு சொன்னதைவிட இரண்டு மடங்குக்கு மேல் மாதங்கள் ஆகும் என்பதையும் சொன்னேன். அவள் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இந்தத் தடவையும் அடியில ரெண்டு கோடு போட்டிருக்கீங்களா?"

"போட்டிருக்கேன். பென்சில்ல."