ஆபீஸ் குப்பை வீடு தேடி வரும்

ஆபீசில் பழைய கம்ப்யூட்டரையெல்லாம் என்ன செய்கிறார்கள் என்று உங்கள் வீட்டுக்காரரை என்றைக்காவது கேட்டிருக்கிறீர்களா? "காயலான் கடைக்காரர் வந்து எடை போட்டு எடுத்துக்கிட்டுப் போயிடுவார்" என்பார். ஆபீஸ் சமாசாரம் நமக்கெதற்கு என்று நாமும் குக்கர் விசிலை எண்ணப் போய்விடுவோம்.

அப்படி விட்டுவிடக் கூடிய சமாசாரம் இல்லை இது. எடைக்குப் போன பெட்டி எங்கேயோ ஒரு கொட்டகையில் உடைபடுகிறது. ஒயரைக் குவித்துக் கொளுத்தினால் மேலே இருக்கும் பிளாஸ்டிக் எரிந்து செம்பு கிடைக்கும். பச்சைப் பலகை மாதிரி இருக்குமே, சர்க்யூட் போர்டு, அதைச் சூடாக்கி ஈயப் பற்றை உருக்குவார்கள். துளித் தங்கத்துக்காக ஆசிடில் ஊறப் போடுவதும் உண்டு. இப்படிக் குப்பை பிரித்துப் பிழைக்கிற பெண்கள் உலகத்தில் 1 கோடியே 29 லட்சம் பேர் இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்னது.

ஈயத்தைப் பற்றித் தாய்மார்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்ல அதற்கு ஓர் அளவே கிடையாது. பெரியவர்களைவிட நாலைந்து மடங்கு அதிகமாகக் குழந்தையின் உடம்பு அதை இழுத்துக்கொள்ளும். மூளை வளர்ச்சியைத்தான் முதலில் கெடுக்கும். பெண்ணின் எலும்பில் போய்த் தங்கிய ஈயம், அவள் முழுகாமல் இருக்கும்போது ரத்தத்தில் கலந்து வயிற்றுப் பிள்ளைக்குப் போகும். வேலை செய்த புடவையில் ஒட்டிய தூசியே வீட்டுக்கு வந்துவிடுகிறதே!

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் 2022-ல் வெளியாகி, 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கின்றன. கம்ப்யூட்டர், பிரிண்டர், அதன் கார்ட்ரிட்ஜ், போன், ஏ.சி., ட்யூப் லைட் என்று 106 வகைச் சாமான்கள் அந்தப் பட்டியலில் உண்டு. வருஷத்தில் ஏதாவது ஒரு சமயம் இவற்றில் 1000 சாமான்களாவது உபயோகத்தில் இருந்தால், அந்த நிறுவனம் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமோ, பழுது பார்த்துப் புதுப்பிப்பவரிடமோ, தயாரிப்பாளரிடமோதான் கழிவைக் கொடுக்க வேண்டும். ஆயிரமா என்று மலைக்காதீர்கள். ஒரு காலேஜிலோ பெரிய ஆஸ்பத்திரியிலோ ட்யூப் லைட்டை எண்ணினாலே பாதிக் கணக்கு வந்துவிடும். மீறினால் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டப்படி 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம் வரை அபராதம் உண்டு.

வீட்டோடு டியூஷன் சென்டரோ ஜெராக்ஸ் கடையோ நடத்தும் சகோதரிகளை இந்த ஆயிரம் கணக்கு பிடிக்காது. ஆனாலும் பதிவு பெற்றவரிடம் கொடுக்க அவர்களுக்கு ஒரு தடையும் இல்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பட்டியலில் பெயர் இருக்கிறதா, பதிவுக் காகிதம் காலாவதி ஆகாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். "நாங்க கவர்ன்மென்ட் அப்ரூவ்டு" என்று வாயால் சொன்னால் போதாது. என்னென்ன சாமான், எத்தனை உருப்படி என்று எழுதி, கையெழுத்தோடு ரசீது வாங்கி பைலில் போடுங்கள்.

"காயலான் கடையில் கூடக் கிடைக்குதே?" என்பார்கள். கிடைக்கத்தான் செய்யும். புகையை வடிகட்டும் செலவு அவருக்கு இல்லை. ஆசிடைச் சாக்கடையில் கொட்டிவிட்டால் அந்தச் செலவும் மிச்சம். அந்தக் கூடுதல் காசு எந்தக் குழந்தையின் உடம்பிலிருந்து வருகிறது என்பதுதான் என் கேள்வி.

கொடுப்பதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. கம்ப்யூட்டரில் 'டெலீட்' அழுத்தியதும் எல்லாம் போய்விட்டது என்று நினைக்கக் கூடாது. தெரிந்தவர்கள் அதைத் திரும்ப எடுத்துவிடுவார்கள். ஹார்ட் டிஸ்க்கை முறையாக அழிக்கச் சொல்லுங்கள், அல்லது கண்ணெதிரே தூளாக்கச் சொல்லி அதற்கும் ஒரு சான்று வாங்குங்கள். ஜெராக்ஸ் மெஷினை யாருமே நினைப்பதில்லை! பெரிய டிஜிட்டல் மெஷின்கள் பலவற்றிலும் டிஸ்க் உண்டு. காப்பி எடுத்த காகிதங்களின் படம் அதில் தங்கிவிடும். அமெரிக்காவில் ஒரு மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் வாடகைக்கு எடுத்த மெஷின்களை இப்படித் துடைக்காமலே திருப்பிக் கொடுத்தது. சுமார் 3 லட்சத்து 44 ஆயிரம் பேருடைய விவரம் வெளியே போயிருக்கலாம் என்று ஆகி, 2013-ல் 12 லட்சம் டாலருக்கு மேல் கட்ட வேண்டி வந்தது. நம் ஊரில் ஆதார் அட்டை, ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம் அந்தக் கண்ணாடிமேல்தானே வைக்கிறோம்?

பாட்டரிக்குத் தனி விதி, அதுவும் 2022-ல் வந்ததுதான். யு.பி.எஸ். பாட்டரியை மற்ற சாமான்களோடு கலக்காமல், புதுசு வாங்கும் கடையிலேயே பழசைக் கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளலாம். கனம் குறையும் என்று உள்ளே இருக்கும் ஆசிடைக் கவிழ்த்து ஊற்ற விடாதீர்கள். பழைய போன், லாப்டாப் பாட்டரி பணியாரம் மாதிரி உப்பியிருந்தால் குத்தவோ அழுத்தவோ கூடாது, தீப்பிடிக்கும். காய்ந்த மணல் போட்ட தகர டப்பாவில் வைத்து, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில், சமையலறைக்கு வெளியே வையுங்கள். எடுக்க வருகிறவரிடம் முதல் வேலையாக அதைச் சொல்லிவிட வேண்டும்.