பழம்பொறி பேணல்

மாந்தர் கையாற் செய்த பொருள்கள் யாவும் தேய்மானத்துக்கு உட்பட்டனவே. ஆயினும் தேய்தல் வேறு, அழிதல் வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் மயக்கம் நம் காலத்தில் மிகுந்து வருகின்றது. ஓர் உறுப்புத் தேய்ந்தவுடன் பொருள் முழுவதையும் குப்பையிற் சேர்த்துப் புதியதொன்றை வாங்குவதே நாகரிகமெனப் பலர் கருதுகின்றனர். அக்கருத்துப் பொருந்தாதென்பதை, வாக்குவம் கிளீனர் என வழங்கும் தூசுறிஞ்சும் பொறியைச் சான்றாகக் கொண்டு ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இப்பொறியின் வரலாறு அறியத்தக்கது. 1901-ஆம் ஆண்டில் ஹியூபர்ட் செசில் பூத் என்னும் ஆங்கிலப் பொறியாளர் காற்றை உறிஞ்சித் தூசியகற்றும் பெரும்பொறி ஒன்றை அமைத்தார். அது குதிரை வண்டியில் ஏற்றப்பெற்று வீட்டு வாயிலில் நிற்கும். நீண்ட குழாய்கள் மட்டுமே சன்னல் வழியாக உள்ளே செல்லும். ஒருவர் தாமே வீட்டினுள் தள்ளிக்கொண்டு செல்லத்தக்க மின்பொறியைப் பின்னர் அமைத்தவரோ பட்டம் பெற்ற அறிஞரல்லர். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்துக் காண்டன் நகரில், ஒரு பெருங்கடையைத் துப்புரவு செய்து வந்த ஜேம்ஸ் மர்ரே ஸ்பாங்க்ளர் என்னும் தொழிலாளி. தூசியால் மூச்சு முட்டி வருந்திய அவர், விசிறி மோட்டார், துடைப்பக் கோல், தலையணையுறை ஆகியவற்றை இணைத்துத் தம் பொறியைச் செய்தார். 1908-இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. அவ்வுரிமையைப் பெற்ற ஹூவர் குடும்பத்தின் பெயரே இங்கிலாந்தில் இப்பொறிக்குப் பொதுப்பெயராயிற்று. எளிய பொருள்களைக் கொண்டு ஒரு தொழிலாளியின் கை ஆக்கியதொன்றை மற்றொரு கை செப்பனிட இயலாதென்பது எங்ஙனம் பொருந்தும்?

பொறியின் இயக்கம் கடினமானதன்று. மோட்டார் சுழலும்போது அதனொடு பிணைந்த விசிறி காற்றை வெளித்தள்ளுகின்றது. உள்ளே அழுத்தம் குறைய, வெளிக்காற்றுத் தூசியை வாரிக்கொண்டு புகுகின்றது. பை தூசியைத் தடுத்துக் காற்றை மட்டும் விடுகின்றது. இவ்வமைப்பில் இயல்பாகத் தேய்வன சிலவே: மோட்டாருக்கு மின்சாரம் செலுத்தும் கார்பன் பிரஷ்கள், பேரிங்குகள், ரப்பர் பெல்ட், தரையைத் தட்டும் உருளையின் மயிர், பை, மின்கம்பி. எஞ்சியவை பேணுவார் கையில் நெடுங்காலம் நிற்கும்.

கிர்பி என்னும் அமெரிக்கப் பொறியை நோக்குக. அதன் உடல் அலுமினியத்தால் ஆயது. பல்லாண்டு உழைத்த கிர்பிப் பொறிகளைப் பிரித்து, உறுப்பு மாற்றி, மெருகேற்றி மீண்டும் விற்போர் அந்நாட்டில் உளர். அவர்தம் முறை யாவருக்கும் பயன்படும். முதற்கண் மின்னிணைப்பைக் கழற்றிவிட்டுக் கம்பியின் உறையில் வெடிப்பு உளதாவெனக் காணல் வேண்டும். வெடிப்பிருப்பின் கம்பியை மாற்றுவதன்றி வேறு வழியில்லை. பின்னர் உருளையிற் சுற்றிய தலைமயிரையும் நூலையும் அறுத்தெடுத்தல் வேண்டும். இன்றேல் அவை முனைகளிற் புகுந்து பேரிங்கை இறுக்கிவிடும். நீண்டு தளர்ந்த பெல்ட் உருளையைச் சரிவரச் சுழற்றாது. ஆதலின் அதனை அறும்வரை விட்டுவைத்தலாகாது. கார்பன் பிரஷ்கள் குட்டையானால் தீப்பொறி மிகுந்து, அவை உராயும் செம்புத் தகடுகள் கெடும். இரண்டையும் ஒருங்கே மாற்றுவதே நன்று.

பையைப் பற்றி ஒரு சொல். பை நிரம்பியவழிப் பொறியின் ஒலி தாழாது, உயர்ந்து கூவும். அதனை வலிமையென மயங்குவோர் உளர். தள்ளுதற்குக் காற்றில்லாமையால் விசிறி வீணே விரைகின்றது என்பதே உண்மை. பல பொறிகளில் அக்காற்றே மோட்டாரைக் குளிர்விப்பதாகலின், ஒரு பையை மாற்றச் சோம்பியவர் ஒரு மோட்டாரை இழப்பர். மேலும், கிர்பியில் தூசி விசிறியின் வழியே சென்றுதான் பையை அடைகின்றது. நாணயமும் ஆணியும் விசிறியிதழை உடைக்குமாதலின் அவற்றை முன்னரே பொறுக்கிவிடுதல் வேண்டும்.

புதிய பொறிகள் மின்சாரத்தைச் சிக்கனமாக உண்ணும் என்று மறுப்போர் கூறுவர். அஃது உண்மையே. ஐரோப்பிய ஒன்றியம் இப்பொறிகளின் மின்னளவை 2014-இல் 1600 வாட்டுக்குக் கீழும், 2017-இல் 900 வாட்டுக்குக் கீழும் வரையறுத்தது. ஆயின் கணக்கிட்டுப் பார்ப்போம். வாரம் ஒருமணி நேரம் இயங்கும் 1200 வாட் பொறிக்கு ஆண்டில் ஏறத்தாழ 62 யூனிட்டும், 900 வாட் பொறிக்கு 47 யூனிட்டும் செலவாகும். வேறுபாடு 15 யூனிட்டே. இச்சிறு மிச்சத்திற்காக நல்ல அலுமினியத்தையும் செம்பையும் எறிவது சிக்கனமாகுமா? மோட்டாரின் செம்புச் சுருள் கருகி, உறுப்பும் கிடையாதாயின் பழையதைக் கைவிடுதல் முறையே. அந்நிலை வருமுன் கைவிடுவதையே யாம் குறை கூறுகின்றோம்.

இதனினும் பெரிய தடை ஒன்றுண்டு. திருகாணி இருந்த இடத்திற் பசையை இட்டுத் திறக்கவொண்ணாதபடி பொருள்களைச் செய்வோரும், மாற்றுறுப்பை விற்க மறுப்போரும் பெருகியுள்ளனர். திறக்கவியலாத பொருளுக்கு நாம் விலை கொடுத்தும் முழு உடைமையாளர் ஆகோம். இதனை உணர்ந்தே 2009-இல் ஆம்ஸ்டர்டாம் நகரில் மார்ட்டின் போஸ்ட்மா என்னும் பெண்மணி, அண்டை அயலார் கூடிப் பழுது நீக்கும் ‘ரிப்பேர் கஃபே’ என்னும் கூட்டத்தைத் தொடங்கினார். 2024-இல் ஐரோப்பிய ஒன்றியம் பழுதுபார்ப்பை ஊக்குவிக்கச் சட்டமியற்றியபோது, அதன் பட்டியலில் தூசுறிஞ்சும் பொறியும் இடம்பெற்றது.

ஆயினும் சட்டம் உரிமையைத் தருமேயன்றித் திறமையைத் தராது. நூலிற் பிழை கண்டு திருத்துவதைப் புலமையென்று போற்றும் நாம், பொறியிற் பழுது கண்டு திருத்துவதைத் தாழ்ந்த தொழிலென்று எண்ணுவது தகுமா? இரண்டிற்கும் வேண்டுவன பொறுமையும் கூர்ந்த நோக்குமேயன்றோ! ஆதலின் நம் மாணவத் தோழர் ஒவ்வொருவரும் ஒரு திருப்புளியையேனும் கையாளக் கற்றல் வேண்டும். பொருள் வாங்குமிடத்து, “விலை யாது?” என்று கேட்பதோடு நில்லாது, “இதனைத் திறக்கலாமா? உறுப்புக் கிடைக்குமா?” என்றும் கேட்டல் வேண்டும். வாங்குவோர் பலரும் அங்ஙனம் கேட்கத் தொடங்கின், செய்வோர் செவிசாய்க்காதிருக்க மாட்டார் என்பது எமது துணிபு.